முழுநேரப் பணியும் புனைகதைப் படைப்பும்: ஒரு நோக்கு

முன்னுரை

தமிழில் புனைகதை எழுதியோருள் எழுத்தை மட்டுமே வாழ்வாதாரமாகக் கொண்டோர் மிகச் சிலரே. நீதிமன்றம், உப்புத்துறை, பள்ளிக்கூடம், வானொலி நிலையம், வங்கி, தொலைபேசி நிலையம், தோட்ட அலுவலகம் ஆகிய இடங்களில் பகல் முழுவதும் உழைத்தவர்களே நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் பெரும்பகுதியைப் படைத்தளித்தனர். எனினும், இலக்கிய வரலாற்று நூல்கள் இவர்தம் தொழிலை வாழ்க்கைக் குறிப்பின் ஒரு வரியாக மட்டுமே சுட்டிச் செல்கின்றன. அத்தொழில் அவர்தம் படைப்பின் அளவையும் வடிவத்தையும் பொருளையும் எவ்வாறு உருவாக்கியது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வினா ஆய்வுக்கு மட்டும் உரியதன்று. கதை எழுத விழையும் மாணவர் பலர், பல்கலைக்கழகப் படிப்பு முடிந்து வேலைக்குச் சென்ற சில ஆண்டுகளிலேயே எழுத்தைக் கைவிடுகின்றனர். 'நேரம் இல்லை' என்பதே அவர்கள் கூறும் காரணம். அக்காரணம் எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்வதும், முழுநேரப் பணியில் இருந்துகொண்டே புனைகதையாளராக வளர்வதற்குரிய வழிகளை முன்னோர் வாழ்விலிருந்து எடுத்துக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

தொடக்கமே பணியாளரிடமிருந்து

தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாவட்ட முன்சீபாகப் பணியாற்றியவர். அவர் பணியில் இருந்த காலத்தில் வெளியிட்டவற்றை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. 1859இல் வெளிவந்த 'நீதிநூல்' செய்யுள் நூல். நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கமோ அலுவலோடு ஒட்டிய பணி. நாவலை அவர் 1872இல் பணி ஓய்வு பெற்ற பின்னரே வெளியிட்டார். செய்யுளை மனத்திலேயே உருட்டி முடித்து, கிடைத்த சிறு பொழுதில் ஏட்டில் பதிந்துவிட இயலும். நீண்ட உரைநடைக் கதையோ தொடர்ச்சியான கவனத்தை வேண்டுவது. அவர் நாவலுக்குத் தாமதமாக வந்தமைக்கு இதுவே முழுக் காரணம் எனக் கூற நம்மிடம் சான்றில்லை. ஆயினும் இந்த வரிசைமுறை பிற்காலத்தில் வேறு எழுத்தாளர் வாழ்விலும் மீண்டும் மீண்டும் தோன்றுவதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்த அ. மாதவையா உப்புத்துறை அதிகாரி. 'பத்மாவதி சரித்திரம்' 1898இலும், கைம்பெண் வாழ்வைப் பேசும் 'முத்துமீனாட்சி' 1903இலும், அவர் அரசுப் பணியில் இருந்தபோதே வெளிவந்தன. 1922இல் விருப்ப ஓய்வு பெற்று, 1924இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அவர் மறைந்தார். முழுநேர எழுத்துக்கென ஒதுக்கிவைத்த காலம் அவருக்கு நெடிது கிட்டவில்லை. 'ஓய்வு பெற்றபின் எழுதலாம்' எனத் தள்ளிவைப்போர் இவ்வரலாற்றை நினைவிற்கொள்வது நன்று. மாதவையாவின் நிலைத்த புகழுக்குக் காரணமான நாவல்கள் அலுவலுக்கிடையே எழுதப்பட்டவையே.

எழுத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டோரின் நிலையையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். புதுமைப்பித்தன் இதழியலையும் பின்னர்த் திரைத்துறையையும் நம்பி வாழ்ந்து, வறுமையிலும் காசநோயிலும் நலிந்து 1948இல் மறைந்தார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் பணியாற்றி 1966இல் விலகினார். அதன்பின் எழுத்தை நம்பி வாழ்ந்த காலம் அவருக்கு எளிதாக அமையவில்லை. வேலையை விட்டால் எழுத்து தானாகப் பெருகும் என்னும் நம்பிக்கைக்குத் தமிழ் இலக்கிய வரலாறு பெரிதும் இடந்தரவில்லை.

நேரத்தின் அளவும் ஒழுங்கும்

முழுநேரப் பணியாளருக்கு உண்மையில் குறைவாக இருப்பது நேரத்தின் அளவா, நேரத்தின் ஒழுங்கா? இவ்வினாவிற்கு விடைகாண உலக இலக்கியத்திலிருந்து மூவரை ஒப்பிட்டு நோக்கலாம்.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலோப் 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறையில் பணியாற்றினார். நாள்தோறும் அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுத அமர்ந்தார். முதல் அரைமணி நேரம் முன்னாள் எழுதியதைப் படித்தார். பின்னர்க் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்திற்கு 250 சொற்கள் என்னும் கணக்கில் எழுதினார். பணிநிமித்தம் இரயிலில் செல்லும்போது மடிமீது பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். அவர் எழுதிய நாவல்கள் 47. இம்முறையை அவரே தம் தன்வரலாற்றில் வெளிப்படுத்தினார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1883இல் வெளிவந்தபோது, கணக்குப் பார்த்து எழுதுவது கலையாகுமா என்று பலரும் முகஞ்சுளித்தனர். இன்றும் அவர் நாவல்கள் படிக்கப்படுகின்றன.

எகிப்திய எழுத்தாளர் நகிப் மஹ்ஃபூஸ் 1934 முதல் 1970களின் தொடக்கம் வரை அரசு ஊழியராக இருந்தார். 1956, 1957ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய கெய்ரோ முந்நாவல் வரிசை, ஒரு குடும்பத்தின் பல தலைமுறை வரலாற்றை விரித்துரைப்பது. அத்துணைப் பெரிய படைப்பையும் அவர் அலுவலகப் பணிக்கிடையிலேயே எழுதி முடித்தார். 1988இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

பிராகு நகரின் பிரான்ஸ் காஃப்கா 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் பணியாற்றினார். அவருடைய அலுவல் நேரம் காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரைதான். நம் ஆசிரியர்கள் பலரின் வேலை நேரத்தைவிட இது குறைவு. எனினும் அவர் எழுதியது இரவில். 1912 செப்டம்பரில் ஒரே இரவில் அமர்ந்து 'தீர்ப்பு' என்னும் கதையை எழுதி முடித்தார். அவர் தொடங்கிய மூன்று நாவல்களும் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டன.

இம்மூவருள் யார் சிறந்தவர் என்பது நம் வினாவன்று. காஃப்காவின் இலக்கிய இடம் டிரோலோப்பின் எண்ணிக்கையால் குறைந்துவிடாது. காஃப்காவின் உடல்நலமும் இயல்பும் வேறு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், ஓய்வுநேரம் மிகுதியாக இருந்தவரின் நாவல்கள் நின்றுபோயின. நேரம் குறைவாக இருந்தும் அதை ஒரே பொழுதில் நிலைநிறுத்திக்கொண்டவரின் நாவல்கள் நிறைவு பெற்றன. ஒரே இரவின் வேகம் சிறுகதைக்குப் போதுமானது. நாவலுக்கு நாள்தோறும் திரும்பிவரும் ஒரு பொழுது வேண்டும். ஆகவே, முழுநேரப் பணியாளர் முதலில் தேட வேண்டியது கூடுதல் நேரத்தை அன்று. நிலையான நேரத்தையே எனலாம்.

இதனை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 200 சொற்கள் எழுதுவதாகக் கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள்களுக்கு 1,000 சொற்கள் ஆகும். விடுப்புக்கும் திருவிழாக்களுக்கும் நான்கு வாரங்களை ஒதுக்கினாலும், எஞ்சிய 48 வாரங்களில் 48,000 சொற்கள் சேரும். இஃது ஒரு நாவலுக்குரிய முதற்படி. சிறுகதையாயின் 2,000 சொற்கள் கொண்ட முதற்படிக்கு இரு வாரங்கள் போதும். அதைப்போல் இருமடங்கு காலத்தைத் திருத்தத்திற்கு அளித்தாலும், ஆண்டுக்கு எட்டுக் கதைகள் நிறைவுபெறும். நடைமுறையில் இதில் பாதியே கைகூடினும் ஐந்தாண்டுகளில் ஒரு தொகுப்புக்கு மேலாகவே கதைகள் சேர்ந்துவிடும்.

பணியும் இலக்கிய வடிவமும்

பணியின் இயல்பு இலக்கிய வடிவத்தின்மீதும் செல்வாக்குச் செலுத்துகிறது. கூட்டுறவுத் துறையில் பணியாற்றிய பூமணியின் 'பிறகு', 'வெக்கை' ஆகிய நாவல்கள் பணிக்காலத்தில் வந்தவை. செறிவும் சுருக்கமும் உடையவை. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய 'அஞ்ஞாடி' பணி ஓய்வுக்குப் பின் 2012இல் வெளிவந்து, 2014ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அ. ரெங்கசாமியிடமும் இதனை ஒத்த நிலையைக் காண்கிறோம். சயாம் மரண இரயில் பாதை, சப்பானியர் ஆட்சி, இந்திய தேசிய இராணுவம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட 'நினைவுச்சின்னம்', 'லங்காட் நதிக்கரை', 'இமையத் தியாகம்' ஆகிய நாவல்கள், அவர் ஓய்வு பெற்றபின் 2000களில் வெளிவந்தவை. வேதநாயகம் பிள்ளையிடம் நாம் கண்ட வரிசைமுறையை இங்கும் காணலாம்.

எனினும் இதனை மாறா விதியாகக் கொள்ளலாகாது. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997இல் வெளிவந்த பெருநாவல். அக்காலத்தில் அவர் தொலைபேசித் துறையில் ஊழியராக இருந்தார். தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் அகில இந்திய வானொலியின் கல்வி ஒலிபரப்புப் பிரிவிலும் பணியாற்றியவாறே 'மோகமுள்', 'அம்மா வந்தாள்' முதலிய நாவல்களை எழுதினார். 'மோகமுள்' முதலில் வார இதழ்த் தொடராகவே வெளிவந்தது. வாரந்தோறும் ஓர் இயலைத் தந்தாக வேண்டும் என்னும் கட்டாயம், அலுவலகம் செல்வோர்க்குச் சுமையாக இருந்ததுபோலவே ஓர் ஒழுங்காகவும் அமைந்தது. தனிமனித ஒழுங்கு தளரும்போது, புறத்திலிருந்து வரும் தவணை அதன் இடத்தை நிரப்பிவிடுகிறது. இக்கருத்து நம் நாட்டுச் சூழலுக்கு மிகவும் பொருந்துவதாகும்.

பணி தரும் பொருள்

பணி எழுத்தாளரிடமிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் வேறெங்கும் கிடைக்காத பொருளை அவருக்குத் தருகிறது. அசோகமித்திரன் ஸ்டூடியோவில் கண்ட தயாரிப்பு மேலாளர்களும் துணை நடிகர்களும் இல்லையேல் 'கரைந்த நிழல்கள்' இல்லை. மும்பையில் தனியார் நிறுவனமொன்றில் பணிபுரிந்து, விற்பனைப் பணிக்காக ஊர் ஊராகச் சென்ற நாஞ்சில் நாடனின் படைப்புகளில், வேலை தேடி ஊரைவிட்டுச் சென்றவர்களின் பசியும் தனிமையும் விடுதிச் சோறும் இடம்பெறுகின்றன. தில்லியில் அரசுப் பணியில் இருந்த ஆதவன், அலுவலக மனிதரின் பாவனைகளையே தம் புனைகதைக்கு மையமாக்கினார்.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சுட்டுதல் வேண்டும். பணியிடத்தை எழுதுவது வேறு. பணியிடத்தில் நடந்ததை அப்படியே பதிவு செய்வது வேறு. உடன்பணியாற்றுவோரின் துயரையும் மாணவரின் குடும்ப நிலையையும் நாம் அறிவது, அவர்கள் நம்மீது வைத்த நம்பிக்கையினால்தான். அவற்றை அடையாளம் தெரியும்படி கதையாக்குதல் அறமன்று. பலரிடம் கண்டவற்றை ஒரு பாத்திரத்தில் இணைத்தும், இடத்தையும் காலத்தையும் மாற்றியும், நிகழ்ச்சியை விடுத்து அதன் உணர்வை மட்டும் எடுத்துக்கொண்டும் எழுதுவதே தேர்ந்த படைப்பாளரின் வழி. இது கதைக்கும் நன்மை பயக்கும். நிகழ்ந்தவாறே எழுதப்பட்டவை பெரும்பாலும் செய்தியாக நின்றுவிடுகின்றன.

ஊதியம் தரும் விடுதலையும் விதிக்கும் எல்லையும்

மாத ஊதியம் பெறும் எழுத்தாளர், வாசகரை மகிழ்விக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபடுகிறார். 'முத்துமீனாட்சி' போன்ற நாவல் தம் சமூகத்தாரைப் புண்படுத்தும் என்பதை மாதவையா அறியாதவர் அல்லர். அவருடைய உணவு அச்சமூகத்தின் ஆதரவை நம்பியிருக்கவில்லை. இன்றைய மலேசிய, சிங்கப்பூர்ச் சூழலில் தமிழ் நூல் விற்பனை அச்சுச் செலவை ஈடுசெய்வதே அரிது. இந்நிலையில் ஊதியமே எழுத்தாளரின் புரவலர். பல வேளைகளில் பதிப்பாளரும் அதுவே.

அதே ஊதியம் ஓர் எல்லையையும் வகுக்கிறது. அரசு ஊழியரும் ஆசிரியரும் தம் துறையைப் பற்றி வெளிப்படையாக எழுதப் பணிவிதிகள் இடந்தருவதில்லை. அதனினும் நுட்பமானது, எழுதுவோர் தாமே விதித்துக்கொள்ளும் தடை. பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட நம் கதைகள் பலவற்றில் ஆசிரியர் நல்லவராகவே வருகிறார். ஏழை மாணவன் திருந்துகிறான். கதை அறிவுரையில் முடிகிறது. எழுதுபவர் ஆசிரியர், வெளியிடுவோர் அவரை அறிந்தவர், படிப்போரும் ஆசிரியர் என்னும் வட்டத்தில் பள்ளியின் இருண்ட பகுதிகள் பேசப்படாமலே போகின்றன. தமிழகத்தில் இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவாறே 1994இல் 'கோவேறு கழுதைகள்' என்னும் நாவலை வெளியிட்டு, சாதியின் அடித்தட்டில் வாழும் சலவைத் தொழிலாளர் குடும்பத்தின் இழிநிலையைத் தயக்கமின்றி எழுதினார். ஆசிரியப் பணி துணிவைத் தானாகவே குறைத்துவிடுவதில்லை என்பதற்கு இஃதொரு சான்றாகும்.

மலேசிய, சிங்கப்பூர்ச் சூழல்

இந்நாடுகளில் தமிழ்ப் புனைகதையைத் தொடக்கக் காலத்திலிருந்து வளர்த்தோருள் தோட்டப்பள்ளி ஆசிரியர்களும் கிராணிமார்களும் பத்திரிகைப் பணியாளர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தரப் பள்ளியோ கல்லூரியோ இருக்கவில்லை. அவ்விடத்தை நாளிதழ் நிரப்பியது. 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' வழியாக நடத்திய 'கதை வகுப்பு' இவ்வகையில் எண்ணத்தக்கது. சிறுகதையின் கூறுகளைப் பாடமாக விளக்கி, எழுதி அனுப்பியோரின் படைப்புகளை மதிப்பிட்டு, புதியோரை எழுத்தாளராக்கிய முயற்சி அது. அதே பத்தாண்டில் அந்நாளிதழில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் அமைத்து எழுதுவோரோடு நேரில் உரையாடினார். பகலில் வேலை செய்வோர்க்குப் பாடம், தவணை, மதிப்பீடு, உரையாடல் ஆகிய நான்கும் இவ்வாறு ஒருங்கே கிடைத்தன.

பிற்காலத்து எழுத்தாளர்களும் பணியாளர்களே. சிங்கப்பூரில் புதுமைதாசன் என்னும் பெயரில் எழுதிய பி. கிருஷ்ணன் வானொலியிலும், இராம. கண்ணபிரான் ஆசிரியத் துறையிலும் பணியாற்றினர். நா. கோவிந்தசாமி ஆசிரியராகவும் விரிவுரையாளராகவும் இருந்துகொண்டே சிறுகதைகள் எழுதி, கணினித் தமிழுக்கும் அடித்தளமிட்டார். மலேசியாவில் ரெ. கார்த்திகேசு ஒலிபரப்புத் துறையிலும், பின்னர்ப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தவாறே சிறுகதைகளோடு 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' முதலிய நாவல்களையும் அளித்தார்.

இந்நாடுகளின் தமிழ் இலக்கியத்தில் சிறுகதையே ஓங்கி நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஞாயிறு மலரின் பக்க அளவும், பகுதிநேர எழுத்தாளரின் நேர அளவும் ஒன்றோடொன்று பொருந்தியமை அவற்றுள் முதன்மையானது என்பது நம் கருத்து. 1924இல் தொடங்கப்பட்ட 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனபோது, நாம் இழந்தது ஒரு நாளிதழை மட்டுமன்று. புதிய எழுத்தாளரை வாரந்தோறும் எதிர்பார்த்திருந்த ஒரு பக்கத்தையும் இழந்தோம். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி, சிங்கப்பூரின் தங்க முனை விருது போன்றவை தவணையை அளிக்கின்றன, பரிசும் தருகின்றன. ஆனால் போட்டியில் பெரும்பாலோர்க்குக் கிடைப்பது முடிவு மட்டுமே. 'உன் கதை இந்த இடத்தில் தளர்கிறது' என்று சுட்டும் மதிப்பீடு கிடைப்பதில்லை. கதை வகுப்பின் நான்கு கூறுகளுள் இரண்டு இன்று அருகிவிட்டன எனலாம்.

ஆசிரியர்தம் கவனத்திற்கு

மேற்கண்டவற்றிலிருந்து, எழுத விழையும் மாணவர்க்கும், தாமே எழுத விழையும் ஆசிரியர்க்கும் பயன்படத்தக்க சிலவற்றைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவதாக, நாளில் ஒரு பொழுதைத் தேர்ந்து மாற்றாமல் காத்தல். அது பள்ளிக்குப் புறப்படுமுன் கிடைக்கும் அரைமணி நேரமாகவும் இருக்கலாம். விடைத்தாள் திருத்திக் களைத்த இரவைவிட அதிகாலை பலர்க்கும் ஏற்றது.

இரண்டாவதாக, வேலைக்கேற்ற நேரத்தைப் பகுத்தல். புதிதாக எழுதுவதற்குத் தெளிந்த மனம் வேண்டும். படியெடுத்தல், எழுத்துப்பிழை களைதல், செய்தி திரட்டல் ஆகியவற்றைக் களைப்புற்ற பொழுதிலும் செய்யலாம். நல்ல நேரத்தைச் சிறு வேலைகளில் செலவிடுவோரே நேரமில்லை என வருந்துகின்றனர்.

மூன்றாவதாக, எழுத்தை நிறுத்தும் இடத்தை அறிந்து நிறுத்தல். அடுத்து வரவேண்டிய நிகழ்ச்சியை இரண்டு வரிகளில் குறித்துவைத்தால், மறுநாள் கிடைக்கும் அரைமணி நேரமும் தொடக்கத்தைத் தேடுவதிலேயே கழியாது.

நான்காவதாக, பள்ளி விடுமுறையைத் திருத்தத்திற்கு ஒதுக்குதல். முழுக்கதையையும் ஒருசேர மனத்தில் நிறுத்திப் பார்ப்பதற்குத் தொடர்ச்சியான நாள்கள் தேவை. அவை ஆசிரியர்க்கு வாய்த்திருக்கும் அரிய பேறு.

ஐந்தாவதாக, சிறு குழுவாக இணைதல். நால்வர் அல்லது ஐவர் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் கதையை ஏனையோர் முன்கூட்டியே படித்துவந்து குறைநிறைகளைக் கூறினால், கதை வகுப்பு தந்த தவணையும் மதிப்பீடும் மீண்டும் கிடைக்கும். இதற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவது, பாராட்டை மட்டும் எதிர்பாராத மனநிலை.

இவற்றோடு பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கும் ஒரு கடமை உண்டு. புனைகதையைப் பாடமாகக் கற்பிக்கும்போது, எழுத்தாளரின் பணிச்சூழலையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். எழுத்தாளர் என்போர் தம்மினும் வேறான வாழ்வு வாழ்ந்தவர் என்று மாணவர் எண்ணும்வரை, வேலைக்குச் சென்றதும் எழுத்தைக் கைவிடுவது அவர்க்கு இயல்பாகவே தோன்றும். நம் எழுத்தாளர்களின் நாட்குறிப்பு, கைப்படி, கடிதம் ஆகியவற்றைத் திரட்டி, அவர்கள் எப்போது எழுதினர், எவ்வளவு திருத்தினர் என்பதை ஆவணப்படுத்தும் ஆய்வுகளும் மேற்கொள்ளப்பட வேண்டும். மூத்த எழுத்தாளர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களைக் கண்டு கேட்டுப் பதிவு செய்தல் உடனடித் தேவையாகும்.

முடிவுரை

தமிழ்ப் புனைகதை வரலாற்றில் முழுநேரப் பணி விதிவிலக்கன்று, அதுவே பொதுநிலை. பணி எழுத்தின் வேகத்தைக் குறைத்துள்ளது. பெருநாவல்களைப் பலரிடம் தள்ளிப்போட்டுள்ளது. சிலரிடம் துணிவையும் மட்டுப்படுத்தியுள்ளது. அதே வேளையில், பொருளையும் பொருளாதார விடுதலையையும் அதுவே வழங்கியுள்ளது. பணிக்கிடையே எழுதி நிலைத்தோரிடம் நாம் பொதுவாகக் காண்பது, தாமே வகுத்துக்கொண்டதோ பிறர் விதித்ததோ ஆகிய ஓர் ஒழுங்கு. முன்னாளில் அவ்வொழுங்கை நாளிதழ்கள் பெரிதும் வழங்கின. அப்பக்கங்கள் குறைந்துவரும் இன்று, அப்பொறுப்பு தமிழாசிரியர்களிடமும் பல்கலைக்கழகத் துறைகளிடமும் வந்து சேர்ந்துள்ளது. பட்டம் பெற்று வேலைக்குச் செல்லும் மாணவரிடம் 'எழுது' என்று கூறுவதோடு நில்லாமல், அவர் எழுதியதை அடுத்த மாதம் கேட்டு வாங்கிப் படிக்க நாம் அணியமாக இருத்தல் வேண்டும்.